வலி யார் பேரில்?

மனித குலத்தின் சோம்பேறித்தனம் 2131ஆம் ஆண்டு ஆனி மாதம் பதினாறாம் தேதி, காலை பத்தேகால் மணிக்கு முடிவுக்கு வந்தது. இதைச் சொன்னவர் கூரைநல வாரியத்தின் தலைமைப் பொறியாளர் பூவராகன். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அன்றுதான் கடலூர்க் கரையோரத்தின் முதல் கூரைநரம்பு ஒரு மனிதப் பிடரியில் பொருத்தப்பட்டது. கண்டுபிடித்தவரும் அவரே, பிடரியும் அவருடையதே.

அதன்பின் கரையோரத்துக் காலைகள் மாறிப்போயின. தலை அரித்தால் கூரையில் பாசி படர்ந்திருக்கிறது என்று பொருள். கழுத்து திரும்பவில்லையா, மழைநீர்க் குழாயில் சருகு அடைத்திருக்கிறது. உப்புக் காற்றில் ஒரு திருகாணி துருப்பிடித்தால் கடைவாய்ப்பல் தெறிக்கும். தகடுகளுக்கு இடையே பூசிய பசை விட்டுப்போனால் தோள்பட்டையில் ஊசி இறங்கும். மக்கள் பல் துலக்குவதற்கு முன் ஏணியை எடுத்தார்கள். பேருந்தில் ஒருவர் மண்டையைச் சொறிந்தால் பக்கத்து இருக்கைக்காரர், “வடக்குப் பக்கமா?” என்று விசாரிப்பார்.

ஆண்டுக்கு முப்பது புயல் வரும் ஊர். முன்பெல்லாம் வாரியம் கடிதம் போட்டது, கைப்பேசியில் கெஞ்சியது, தெருத்தெருவாகச் சங்கு ஊதியது. அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட ஜனங்கள், பிறகு கூரை விழுந்து செத்தார்கள். “எச்சரிக்கையைப் படிச்சிட்டு எவனும் ஏணி ஏற மாட்டான். வலிச்சா ஏறுவான்” என்பார் பூவராகன். அதனால் கரையோரத்தில் எல்லோர் பிடரியிலும் நரம்பு பொருத்தப்பட்டு, சட்டம் எளிமையாக எழுதப்பட்டது: வீடு யார் பேரில் இருக்கிறதோ, வலியும் அவர் பேரில். ஐந்து வருடம் ஒரு சாவு இல்லை.

ஆறாவது வருடம் கிள்ளை கிராமத்தில் ஒரு கூரை விழுந்தது. பாவாடை என்ற படகு மெக்கானிக் அதன் அடியில் நசுங்கிப்போனார்.

பூவராகன் தாமே விசாரிக்கப் போனார். அடுத்த புயலுக்கு ஒரு வாரமே இருந்தது. நரம்பில் பழுது என்றால், அதை நம்பி நிற்கும் ஒரு லட்சம் கூரைகளுக்கும் அதே கதிதான். இடிபாட்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, பாவாடையின் மனைவி அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். அவள் அருகே கட்டிலில் ஒரு முதியவர் கண்மூடிக் கிடந்தார்.

“உங்க வீட்டுக்காரருக்கு வலியே வரலையாம்மா?”

“அவருக்கு ஏன் சார் வரப்போவுது? வூடு மாமனார் பேர்ல இல்ல இருக்குது.”

“எப்பலேர்ந்து?”

“ரெண்டு வருஷமா. கழுத்து வலியோட இஞ்சினுக்கு அடியில படுத்து வேல பாக்க முடியலன்னாரு. மாமனாரு சும்மாதான படுத்துங்கெடக்காருன்னு பேர மாத்திட்டோம். தெருவுல எல்லாரும் மாத்துனாங்க சார். கோடி வூட்டுல செத்துப்போன பெரியப்பா பேருக்கே மாத்தப் பாத்தாங்க. கம்ப்யூட்டர் ஒத்துக்கல.”

பூவராகன் கட்டிலைப் பார்த்தார். பெரியவர் பெயர் கலியன். பக்கவாதம் வந்து பேச்சும் கையும் போய் மூன்று வருடம்.

“இவர் எதுவும் காட்டிக்கலையா?”

“ஒரு மாசமா ராவும் பகலும் முனகுனாரு. பல்லக் கடிப்பாரு, தோள ஒதறுவாரு. வயசாயிட்டா அப்டித்தான்னு தைலம் தேச்சுவுட்டோம்.” அஞ்சலாட்சி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “கூர வுழுந்துச்சு பாருங்க, அந்த நிமிஷமே முனகல் நின்னுபோச்சு சார். மவன் செத்துக் கெடக்குறான், இவரு கொறட்ட வுடுறாரு.”

கூரையில் எந்தத் திருகாணி எந்தத் தேதியில் தளர்ந்தது என்பது உலகத்திலேயே அந்த ஒரு மனிதருக்குத்தான் தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

நரம்பில் பழுதில்லை என்பதில் பூவராகனுக்கு நிம்மதி. வாரியக் கூட்டத்தில் குரலை உயர்த்தினார். “இடிதாங்கி கேள்விப்பட்டிருக்கோம். பெத்த அப்பனை வலிதாங்கியா வெச்சிருக்கானுங்கய்யா! இவனுங்களுக்கு நரம்பு எதுக்கு? முதுகெலும்பையே எடுத்துடலாம்!” எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பரிந்துரைகள் நிறைவேறின. வலியின் அளவு உடனடியாக மூன்று மடங்கு. பெயர் மாற்றத்துக்குத் தடை, வரும் முதல் தேதியிலிருந்து.

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டிருந்த பூவராகனின் வலது தோளில் கடப்பாரை இறங்கியது.

ஐந்து நாளாகவே அங்கே ஒரு பிடிப்பு இருந்தது. விசாரணை, அறிக்கை, கூட்டம் என்று அலைந்ததில் அதற்கு நேரமில்லை. இப்போது கத்தியைக் கையில் பிடிக்க முடியவில்லை. தென்மேற்கு மூலை, இரண்டாம் தகட்டின் இணைப்பு. கூரையின் வரைபடத்தைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது.

“மேல ஏறித்தான் பாருங்களேன்,” என்றாள் மனைவி தையல்நாயகி. “பிள்ளைங்க ரெண்டும் அதுக்குக் கீழதான் படுக்குதுங்க.”

“ஈரமா இருக்கு, வழுக்கும். ஆளுக்குச் சொல்லியிருக்கேன்.”

“ஆளு எப்ப வருவான்?”

“புயல் முடிஞ்சதும் முதல் வீடு நம்ம வீடுதானாம்.”

“நீங்கதான கண்டுபிடிச்சீங்க? நீங்களே ஏறக் கூடாதா?”

“இந்தத் தோளை வெச்சுக்கிட்டு எப்படிடி ஏறுறது?”

இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை. சட்டை போடும்போது கத்தினார். வானிலைச் செய்தி புயல் வடக்கே திரும்பலாம் என்றது. அந்த ‘லாம்’ அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. மாலை தூறல் வலுத்தது. புயல் கரையைத் தொட ஆறு மணி நேரம் இருந்தது. தடை அமலுக்கு வர மூன்று நாள் இருந்தது.

அறைக் கதவைச் சாத்திவிட்டு, இடது கையால் பெயர் மாற்றப் பக்கத்தைத் திறந்தார். புதிய உரிமையாளர்: கோவிந்தராசு. அவருடைய தம்பி, செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் பாறை அளக்கிற வேலை. கரையோரத்துப் பிள்ளை என்பதால் அவன் பிடரியிலும் நரம்பு உண்டு. சம்மதம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அண்ணனை நம்பி, ஊரைவிட்டுப் போகுமுன் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தான்.

பொத்தானை அழுத்தியதும் தோள் பஞ்சானது.

“இப்ப எப்படி இருக்கு?” என்று தையல்நாயகி வெளியிலிருந்து கேட்டாள்.

“சரியாப் போச்சு. சாதாரணப் பிடிப்புதான்.”

வலி ஒளியின் வேகத்தில் புறப்பட்டிருந்தது. இன்னும் பதினான்கு நிமிடத்தில், மழை என்ற ஒன்றே இல்லாத ஊரில், தோளைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உட்காருவான். காரணம் என்னவென்று அங்கே எந்த மருத்துவருக்கும் தெரியாது.

பூவராகன் பசியோடு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். பிறகு பிள்ளைகளின் அறைக்குப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று, கட்டிலை ஒரு சாண் தள்ளிப் போட்டார்.