புது மருமகளுக்கு ஒரு ஸ்வெட்டர்

கல்யாணமாகி மூன்றாவது வாரம் என் கணவர் தன் பூர்வீக வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அது. பெரிய வீடு, சின்னச் சின்ன ஜன்னல்கள். உள்ளே நுழைந்ததும் பாச்சை உருண்டையும் ஈரச் சுவரும் கலந்த ஒரு வாசனை. "ஆள் அதிகம் புழங்காத வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பெட்டிகளை இறக்கினார். சட்டையின் மேல் பொத்தானை அவர் எப்போதும் போட்டே வைத்திருப்பார், தூங்கும்போதுகூட. தொண்டைக்குக் குளிர் ஆகாது என்று சொல்லியிருந்தார். கட்டிக்கொண்டவர் சொன்னால் நம்பாமல் வேறென்ன செய்வது?

அந்த வீட்டில் தனியாக இருந்தது அவருடைய அக்கா. நான் அண்ணி என்று கூப்பிட்டேன். நான் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் அவர் இஞ்ச் டேப்போடு வந்துவிட்டார்.

"உன் மெல்லிசுத் துணியெல்லாம் இந்தக் குளிருக்குத் தாங்காதும்மா. எங்க வீட்டுக்கு வர்ற மருமகளுக்கு நாங்களே ஸ்வெட்டர் பின்னிப் போடறதுதான் வழக்கம்."

பழைய உடைகளைப் பிரித்து இன்றைய அளவுக்கு மாற்றித் தைப்பது என் தொழில். மற்றவர்களுக்கு அளவெடுத்தே பழகியவளை ஒருத்தர் நிற்க வைத்து அளவெடுத்தது கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய பின்னல் புத்தகங்களை எடுத்துப் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் ஒரு படம், கீழே எத்தனை கண்ணி போட வேண்டும் என்ற கணக்கு. மிகப் பழைய புத்தகத்துப் பெண்ணுக்குத் தாடை வரை ஏறிய காலர், இரண்டு கைக்குள் அடங்குகிற இடுப்பு. அவள் மூச்சு விட்டாளா என்பதே சந்தேகம். அடுத்த தலைமுறைக்காரியின் தோள்கள் கதவு அகலம் இருந்தன. அதற்கும் அடுத்து வந்தவள் முட்டி வரை தொளதொளவென்று தொங்கவிட்டிருந்தாள்.

"இவங்க போட்டிருக்கறது ஸ்வெட்டரா, இல்ல தலையணை உறைக்குள்ள பூந்துட்டாங்களா அண்ணி?" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "அவங்கவங்க காலத்துக்கு எது ஃபேஷனோ அதைத்தான் பின்னுவோம். உனக்கு எது வேணும்?"

"கழுத்து இறக்கமா, கொஞ்சம் லூசா. இப்ப எல்லாரும் அதுதான் போடறாங்க."

நாலைந்து நாளில் அடர்பச்சையில் ஸ்வெட்டர் தயாராகிவிட்டது. தையலே இல்லை, ஒரே நூலில் மேலிருந்து கீழ்வரை பின்னியிருந்தார். கடைசி முடிச்சை மட்டும் இடது அக்குள் பக்கம் ஒளித்துவைத்திருந்தார். ஆனால் கை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது பிரித்துப் பின்னிய நூல். ஒருமுறை பின்னிய கம்பளி தன் பழைய நெளிவை லேசில் விடாது. நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டு நிமிர்த்த வேண்டும். அண்ணி ஏதோ அவசரத்தில் அரைகுறையாக நிமிர்த்தியிருந்தார்.

"புது நூலா அண்ணி?"

"பின்னே? உன் புருஷனையே கேளு."

"உனக்குன்னு நான்தானே போய் வாங்கிட்டு வந்தேன்" என்றார் அவர், கண் இமைக்காமல்.

சிக்கனத்தை மறைக்கிறார்கள் என்று நினைத்து எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டேன். போட்டுக்கொண்டேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, முதல் தடவையாகச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். கழுத்தைச் சுற்றி மெல்லிய சிவப்புத் தடம் ஒன்று தெரிந்தது.

"என்னங்க இது?"

"காலர் உரசினது. சரியாயிடும்."

அன்று சாயங்காலம் மழை சடசடவென்று அடித்தது. கொடியில் காய்ந்த துணிகளை அள்ள ஓடினேன். அள்ளிக்கொண்டு வருவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். மாற்றிக்கொள்ள எங்கள் அறைக்குள் போய் ஸ்வெட்டரைத் தலைக்கு மேல் இழுத்தேன்.

வரவில்லை.

ஈரக் கம்பளி வாசனை எழுந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனை, நாள்பட வாரப்படாத தலைமுடியின் வாசனை. என் முடி அல்ல.

ஸ்வெட்டர் மெல்ல அசைந்தது.

முதலில் கீழ்விளிம்பு முட்டி வரை இறங்கித் தொங்கியது. பிறகு மேலே சுருண்டது. தோள்கள் விரிந்தன. கண்ணி கண்ணியாக நூல் நகர்வது தோலில் ஊர்ந்து தெரிந்தது. புத்தகத்தில் நான் கேலி செய்த பெண்கள் ஒவ்வொருத்தியாக என் மேல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பின்னோக்கி.

இடுப்பு இறுகியது. மூச்சு பாதியில் நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது, மிச்சமிருப்பது அந்த முதல் படம்தான்.

காலர் ஏற ஆரம்பித்தது.

கதவுக்குப் பாய்ந்தேன். திறக்கவில்லை. வெளியிலிருந்து யாரோ கைப்பிடியை இழுத்துப் பிடித்திருந்தார்கள்.

"என்னங்க! கதவைத் திறங்க!"

"கொஞ்ச நேரந்தான்" என்று கதவை ஒட்டி அவர் குரல் கிசுகிசுத்தது. அழுதுகொண்டிருந்தார். "அசையாம இரு. மத்தவங்கெல்லாம் திமிறினாங்க, அதான் ரொம்ப வலிச்சுது."

மத்தவங்க.

எனக்கு முன் அவருக்குக் கல்யாணமே ஆனதில்லை என்றுதான் சொல்லியிருந்தார்கள். கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நூலைவிட அந்த ஒரு வார்த்தைதான் அதிகமாக வலித்தது. கைப்பிடியை விட்டுவிட்டேன்.

அப்போது காதோரம் ஒரு குளிர்ந்த மூச்சு பட்டது.

"நானும் நம்பினேன்."

அறையில் யாருமில்லை. ஆனால் என் வலது கையின் மேல் இன்னொரு கை படிந்து அதை இடது அக்குளுக்கு நகர்த்தியது. விரல் முடிச்சில் பட்டது. நகத்தால் கிள்ளி அறுத்து, நுனியைப் பிடித்து இழுத்தேன். சரசரவென்று பிரிந்தது. அதன்பிறகு நான் இழுக்க வேண்டியிருக்கவில்லை. காலர், தோள், கை என்று நூல் தானாகவே என்னை விட்டு உருவிக்கொண்டு, கதவின் அடி இடுக்கு வழியாக வெளியே ஓடியது.

கைப்பிடி தளர்ந்தது. கைக்குக் கிடைத்ததை உடுத்திக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

கூடத்தில் அண்ணி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார். ஊசிகள் பார்வைக்குப் பிடிபடாத வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. எதிரே என் கணவர், கழுத்தைச் சுற்றி அப்போதே நாலு விரல் உயரத்துக்கு அடர்பச்சைக் காலர்.

"அக்கா, நிறுத்துக்கா" என்றார்.

"என் கை நிக்கலடா."

என்னைப் பார்த்ததும் அண்ணி கொட்டித் தீர்த்தார். அவர்களுடைய கொள்ளுத்தாத்தா தன் பெண்டாட்டியை அவள் போட்டிருந்த ஸ்வெட்டராலேயே நெரித்துக் கொன்றாராம். அந்த நூல் அழிய மாட்டேனென்கிறதாம். எரித்தாலும் மறுநாள் அலமாரியில் இருக்குமாம். வீட்டுக்கு வரும் மருமகளுக்குப் போட்டுவிட்டால் சில வருஷம் அடங்கியிருக்குமாம், இல்லாவிட்டால் இவர்கள் கழுத்தைத் தேடி வருமாம்.

"சந்தேகம் வரக் கூடாதுன்னுதான் அந்தந்தக் காலத்து ஃபேஷன்ல பின்னுவோம். இவனோட முதல் சம்சாரத்துக்கும் நான்தான் பின்னினேன்" என்று தேம்பினார். கை நிற்கவில்லை.

"உன் பையில கத்தரிக்கோல் இருக்கில்ல?" என் கணவர் மூச்சுக்குத் திணறினார். "அறுத்து விடு. உன்னைப் பிடிச்சுத்தான் கட்டிக்கிட்டேன், சத்தியமா."

கத்தரிக்கோல் இருந்தது. என் கை அதைத் தொட்டது.

"பிடிச்சிருந்தா கதவைத் திறந்திருப்பீங்க" என்றேன்.

அறுக்கவில்லை. பெற்றவர்கள்கூட இவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் என்னை அனுப்பிவைத்தார்கள். இவருக்காக அழ என்னிடம் கண்ணீர் இருந்தது, இரக்கம் இல்லை. வாசலைத் தாண்டும்வரை ஊசிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும்தான்.

பஸ்ஸில் கடைசி வரிசை காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினேன். அந்த வீட்டில் என்னிடம் பொய் சொல்லாதவள் காதோரம் பேசிய அவள் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன். உயிர் பிழைத்தது அவளால்தான். மனதுக்குள் அவளுக்கு நன்றி சொன்னேன்.

முதுகுக்குப் பின்னால் இரும்புத் தகடு மட்டும்தான். அதற்கும் எனக்கும் நடுவில் ஒரு குளிர்ந்த கை நுழைந்து, இடது தோளில் ஆரம்பித்து வலது தோள்வரை, நிதானமாகச் சாண் போட்டு அளந்தது.