உள்ளிழுத்த காற்று

காற்று கசிந்தால் வெளியே போகும் ஓசைதான் கேட்கும். இது உள்ளேயும் இழுத்தது.

அவன் டிரெய்லருக்கு அடியில், சிறு உருளைகள் வைத்த பலகையில் மல்லாந்து கிடந்தான். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருந்தான். இடது கையில் ரிமோட். ஒரு பொத்தானில் பிரேக் பிடிக்கும், இன்னொன்றில் விடும். முன்பெல்லாம் வண்டிக்குள் ஒருவன் பெடலை மிதிக்க, அடியில் இருப்பவன் கத்த வேண்டும். இப்போது தனியாகவே பார்த்துவிடலாம்.

பிரேக்கைப் பிடித்துவைத்து, காற்றுக்குழாய் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவினான். ஒரு குமிழி எழுந்தது. கோலிக்குண்டு அளவு பருத்தது. பிறகு சுருங்கி, உடையாமல், இணைப்புக்குள் போய்விட்டது.

துடைத்துவிட்டு மறுபடி தடவினான். மறுபடியும் அப்படியே.

இந்த வண்டியின் உடல் காற்றுப்பைகளின் மேல் நிற்பது; காற்று இறங்கினால் உடலும் இறங்கும். அடியில் போகுமுன், வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு கேட்டிருந்தான். பட்டறை ஃபோர்மேன் இவன் மனைவியின் அண்ணன். தங்கையைக் கூட்டிக்கொண்டு இவன் தனிக்குடித்தனம் போனதிலிருந்து இருவருக்கும் வேலைப் பேச்சு மட்டும்தான். அதிலும் முள் இருக்கும். ஸ்டாண்டெல்லாம் வேறு வண்டிக்கு அடியில் இருப்பதாகச் சொன்னான்.

"பெடல் மிதிக்க ஆள் கேட்டீங்க மாப்ள, ரிமோட் வந்துச்சு. இப்ப ஸ்டாண்டு. நாளைக்குத் தலகாணியா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ரோஷத்தில் அப்படியே உள்ளே புகுந்தான். அவர்கள் சாப்பிடப் போனார்கள்.

கம்ப்ரசர் ஓய்ந்திருந்தது. வெயிலில் தகரக் கூரை விட்டுவிட்டு முனகியது. சூடான ரப்பரும் பழைய கிரீஸும் கலந்த வாடைக்கு அடியில், மூடிவைத்த வாயைத் திறந்தாற்போல் ஈரமாக வேறொரு வாடை மெல்ல மெல்ல முகத்தில் வந்து படிந்தது. விடும் பொத்தானை அழுத்தினான். பிரேக்குகள் ஒன்றாகப் பெருமூச்சு விட்டு அடங்கின.

அடங்கிய பிறகும் ஒரு மூச்சு மிச்சமிருந்தது.

பக்கத்தில் தரையோடு தெரிந்த வெளிச்சக் கோடு மெலிந்தது. வண்டி இறங்கியிருக்கிறது. பலகையை உந்தினான். இரும்புச் சட்டம் தோள்பட்டையில் இடித்தது. நகர முடியவில்லை. ரிமோட்டை அழுத்தினான். எதுவும் நடக்கவில்லை.

பதற்றத்தில் மூச்சை விட்டான். சட்டம் இறங்கியது.

இழுத்தான். அது ஏறவில்லை.

விட்டான். இறங்கியது. அவன் நெஞ்சு விட்ட இடத்தை அது எடுத்துக்கொண்டது.

அரை மூச்சு இழுத்து அடக்கினான். அதுவும் அடக்கியது.

காலடி. வெளிச்சக் கோட்டில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றன.

"மாப்ள, முடிஞ்சுதா?"

கத்தக் காற்று இருந்தது. ஒரு முறைக்கு. கத்தினால் அதுவும் போய்விடும். கையை அசைக்கப் பார்த்தான். சட்டம் முழங்கையைத் தரையோடு பிடித்திருந்தது.

"கேக்குதுல்ல?"

பூட்ஸ் காத்திருந்தன.

"பேச மாட்டீங்க. சரி. உங்க கோவம் எறங்கட்டும், அப்புறம் வர்றேன்."

பூட்ஸ் திரும்பின. வாசல்வரை கேட்டன. பிறகு கேட்கவில்லை.

காதுக்குள் ரத்தம் அடித்தது. கண்ணோரம் கறுத்தது. சட்டம் அவன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு, அசையாமல் நின்றது.

அவன் உதடுகள் தாமாகத் திறந்தன.