பாடாமல் விட்ட விடைப்பாட்டு

மனநல சிகிச்சை பெறும் பிள்ளைகள் தங்கும் அந்தப் பழைய கெலுகோர் பங்களாவுக்கு அன்று மாலை நான் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பாட்டும் வாத்தியமுமாகப் பிள்ளைகளைத் தேற்றுவது என் வேலை. இசை அறையில் ஈரச் சுவரின் வாடை. பதினைந்து வயது தனுஜா மடியில் கொம்பாங் மேளத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளோடு இங்கே தங்கியிருந்த ஹரீஷ் இறந்ததிலிருந்து அவள் பேசவில்லை, சாப்பாடும் பெயருக்குத்தான்.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி வந்திருந்த அவள் அம்மா புஷ்பவள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிளாரிஸ் டீச்சர், டாக்டரே கைய விரிச்சிட்டாருலா. எம்புள்ள ஒரு வார்த்த பேசினா போதும்."



எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குணமாகி வீடு திரும்பும் பிள்ளைக்கு விடைப்பாட்டுப் பாடுவோம். பெயரைச் சொல்லிப் பாடி நிறுத்துவோம். அந்தப் பிள்ளை மேளத்தில் ஓர் அடி அடித்துவிட்டுக் கிளம்பும். டெங்கிக் காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே இறந்த ஹரீஷுக்கு அந்தப் பாட்டு கிடைக்கவில்லை. அவன் நாற்காலியும் அதன்மேல் அவன் மேளமும் அப்படியே இருந்தன. தனுஜா யாரையும் அவற்றைத் தொட விடவில்லை.

அவனை வழியனுப்பினால் இவள் மீண்டுவிடுவாள் என்று நம்பினேன். கிதாரை எடுத்தேன்.

"போய் வா, ஹரீஷ்..."

அவனுக்காகத் தனுஜா அடிப்பாள் என்று காத்திருந்தேன்.

அவள் கை அசையவில்லை.

காலி நாற்காலியில் மேளம் அதிர்ந்தது.

கொசு மருந்துப் புகையின் நாற்றம் அறையெங்கும் பரவியது. பிறகு ஒரு குரல். மீசை அரும்பும் வயதில் உடைந்துபோன பையன் குரல்.

"போய் வா, தனுஜா..."

பாடி நிறுத்தியது. பதிலுக்குக் காத்திருந்தது.

தனுஜா சிரித்தாள். கையை ஓங்கினாள்.

"ஐயோ, அடிக்காதம்மா!" புஷ்பவள்ளி பாய்ந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

இடைவெளி விட்டால்தானே பதில் வரும்? நான் வரவேற்புப் பாட்டைக் கத்திப் பாடினேன். "வா வா, தனுஜா, வா வா..." மூச்சு முட்டியது. கண்ணீர் வந்தது. கடவுளே, இந்தப் பிள்ளையை விட்டுவிடு என்று மனம் கதறியது. நான் நிறுத்தவில்லை.

அப்போது தனுஜாவின் உதடு அசைந்தது.

"டீச்சர்..."

எத்தனை நாளாகக் காத்திருந்த குரல்! பிள்ளை பேச வாயெடுத்தால் பாட்டை நிறுத்திக் கேட்க வேண்டும். அப்படித்தான் பழகியிருந்தேன்.

நிறுத்தினேன்.

"கொஞ்சம் பாடாம இருங்க, டீச்சர். ஹரீஷ் காத்துகிட்டு இருக்கான்."

அறை அமைதியானது.

தனுஜாவின் மடியில் மேளம் ஒருமுறை அதிர்ந்தது. சிரித்த முகம் அப்படியே அம்மாவின் தோளில் சாய்ந்தது.

அவளுடைய இரண்டு கைகளும் அப்போதும் அம்மாவின் பிடிக்குள்தான் இருந்தன.