மழைமானிக் கொட்டகைக்குப் போகும் ரோடு

"மெஷின் வந்து மண்ணை அள்ள இன்னும் ரெண்டு நாளாகும். அதுவரைக்கும் அந்த மரலாரிக் கூப்பு ரோட்டுல ஒரு வண்டியும் போக முடியாது. ரோடு முழுசும் போச்சு!" என்றார் ரேஞ்சர்.

"நான் போறேன் சார்," என்றாள் ஜெசிந்தா.

மஞ்சக்கொம்பு எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவள் அவள். அவளுடைய தம்பி தார்சிஸ், காட்டுக்குள்ளே பத்தொன்பதாவது கிலோமீட்டரில் உள்ள கொட்டகையில் தனியாகத் தங்கி, பெய்யும் மழையைத் தினமும் காலை எட்டரைக்கு அளந்து வயர்லெஸ்ஸில் சொல்லும் வேலையில் இருந்தான். நான்கு நாட்களாகப் பேய்மழை. மூன்று நாட்களாக அவனிடமிருந்து பேச்சே இல்லை. முதல் நாள் ஜெசிந்தா பதறினாள். இரண்டாம் நாள் எஸ்டேட்டே வந்து அவளுக்கு ஆறுதல் சொன்னது. மூன்றாம் நாள் எழுந்தபோது அவளுக்குள் எதுவுமே இல்லை. தம்பியின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட ஈறுபோல மரத்துக் கிடந்தது மனசு.

ரேஞ்சர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, "ஆறு மணிக்குள்ள செக்போஸ்ட் கேட்டுக்குத் திரும்பிடணும்," என்று சொல்லி, அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த வனக்காவலர் காளிங்கனைத் துணைக்கு அனுப்பினார். எஸ்டேட் மெக்கானிக் அபுதாகிர், யாரும் கூப்பிடாமலே ரம்பத்தையும் வடக்கயிற்றையும் பின்சீட்டில் போட்டுவிட்டு ஏறிக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு மழை விட்டது. ஜீப் புறப்பட்டது!

நான்காவது கிலோமீட்டரிலேயே சாலைக்குக் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. ஆளுக்கொரு பக்கம் ரம்பத்தைப் பிடித்து அறுத்தார்கள். முக்கால் மணி நேரம் போயிற்று. ஏழாவது கிலோமீட்டர் ஏற்றத்தில் சேறு சக்கர அச்சு வரைக்கும் இருந்தது. ஜெசிந்தா இறங்கி டயர்களில் காற்றைக் குறைத்தாள். லாரித் தடத்துப் பள்ளத்தில் சக்கரம் விழாமல், நடு மேட்டிலும் ஓரத்திலுமாக ஏற்றி ஓட்டினாள். வண்டி பாம்பாக நெளிந்தது; ஆனாலும் ஏறிவிட்டது.

"கெட்டிக்காரி தங்கச்சி!" என்று கத்தினார் அபுதாகிர். அவள் கியரை மாற்றினாள். அவ்வளவுதான்.

பதினோராவது கிலோமீட்டரில் காட்டாறு. காளிங்கன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றி ஊன்றி நடந்து பார்த்தார்.

"தண்ணி முட்டிக்கு மேல நாலு விரக்கடைதான். அடியில கல்லுத்தரை. மெதுவா வா, ஆனா நடுவுல நிக்காத!"

முதல் கியரில், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அவள் கடந்தாள். அக்கரை ஏறியதும், நனைந்த பிரேக் காயட்டும் என்று அதை லேசாக மிதித்தபடியே ஓட்டினாள்.

பதினைந்தாவது கிலோமீட்டரில் மூன்று பேருமே இறங்கி நின்றார்கள். சாலையில் பாதி இல்லை! இடப்பக்கம் இருநூறடிப் பள்ளம். காளிங்கன் கம்பால் அளந்தார்.

"ஜீப்பு அகலத்துக்கு மேல ஒரு சாண் இருக்கு."

"போதும்," என்றாள் ஜெசிந்தா.

"பைத்தியமா உனக்கு? நடந்து போவோம்!" என்றார் அபுதாகிர்.

"நடந்து போனா இருட்டுறதுக்குள்ள திரும்ப முடியாது பாய். அவனைத் தூக்கிட்டு வரணும்னா வண்டி வேணும்."

அபுதாகிர் வடக்கயிற்றை எடுத்தார். வடத்தை ஜீப்பின் சட்டத்தில் கட்டி, மேட்டிலிருந்த மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். காளிங்கன் முன்னால் பின்நடையாக நடந்து கையைக் காட்டினார். வலக் கண்ணாடி பாறையில் உரசி உடைந்தது. பாதி தூரத்தில் பின்சக்கரத்துக்கு அடியிலிருந்த மண் சரிந்தது! ஜீப் சாய்ந்தது, வடம் விறைத்து முறுகியது.

"காலை எடுக்காத! வா, வா, வா!" என்று கத்தினார் காளிங்கன்.

அவள் காளிங்கனின் கையை மட்டும் பார்த்தாள். சக்கரம் ஒரு முறை காற்றில் சுழன்றது. பிறகு கல்லைக் கவ்வி மேலே ஏறியது.

அபுதாகிர் தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"ஏறுங்க பாய், நேரமாகுது," என்றாள் அவள்.

கொட்டகை இருந்த இடத்தில் மண்மேடுதான் இருந்தது. ஒரு தகரமும் கட்டில் காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அபுதாகிர் தலையில் கைவைத்துக்கொண்டார். ஜெசிந்தா அதைப் பார்த்தாள். இது மண், இது தகரம் என்று மட்டுமே தெரிந்தது.

பத்தடி தள்ளி, வேலிக்குள் மழைமானி நிமிர்ந்து நின்றது. சும்மா அருகே போனாள். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். இரண்டு விரல் தண்ணீர்தான் கிடந்தது.

"காளிங்கண்ணே," என்றாள். "ராத்திரி பூரா மழைதானே?"

"ஆமா, கொட்டித் தீத்துச்சே."

"அப்ப இது நிரம்பி வழியணும். காலையில எட்டரைக்கு யாரோ அளந்து கீழ ஊத்தியிருக்காங்க! இது அதுக்கப்புறம் பெஞ்சது!"

காளிங்கன் குனிந்தார். சேற்றில் முழங்கையும் முட்டியும் இழுபட்ட தடம் பாறைப் பக்கமாகப் போயிற்று. அதன் வழியே ஓடினார்கள். பாறை இடுக்கில், நசுங்கிய காலை நீட்டியபடி, கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் தார்சிஸ்.

"வயர்லெஸ்ஸு மண்ணுக்குள்ள போயிடுச்சுக்கா," என்றான் ஈனக் குரலில்.

"இந்தக் காலோட எதுக்குடா மழையை அளக்கப் போன?"

"வேற என்ன பண்றதுன்னு தெரியல. எட்டரை ஆச்சுன்னா போனேன்."

காலுக்கு மூங்கில் வைத்துக் கட்டினார் காளிங்கன். அபுதாகிர் அவன் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதார். ஜெசிந்தாவுக்கு அழுகை வரவில்லை. கயிற்றைச் சுருட்டினாள். பதினைந்தாவது கிலோமீட்டரில், மண் சரிந்த இடத்தில் கல் அடுக்கினார்கள். தம்பியைத் தார்ப்பாயில் வைத்து மற்ற இருவரும் சுமந்து கடக்க, அவள் தனியாக வண்டியைக் கொண்டு வந்தாள்.

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜீப் கேட்டைத் தொட்டது. விசில், கைதட்டல்! தயாராக நின்ற ஆம்புலன்ஸில் தார்சிஸை ஏற்றினார்கள். ஜெசிந்தா மட்டும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் விரிய மறுத்தன. அபுதாகிர் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டார்.

ரேஞ்சர் நோட்டோடு வந்தார். "ரோடு எப்படி இருக்கும்மா? முழுசும் போச்சுதானே?"

அவள் யோசித்தாள்.

"முழுசும் இல்ல சார். நாலு இடந்தான் மோசம். எழுதிக்குங்க," என்று கிலோமீட்டர் வாரியாகச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது இடத்தைச் சொல்லும்போது மரத்திருந்த விரல்கள் வலிக்கத் தொடங்கின. குரல் உடைந்தது. ஆனாலும் நாலாவதையும் சொல்லி முடித்தாள்.