தாலிக்கு முன் ஒரு கடத்தல்

"ஐயோ... மாப்பிள்ளையைக் காணோம்!"

ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபமே அதிர்ந்தது.

மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் அழகிரி, மணமகன் அறைக்குப் பாய்ந்தார். மகன் அஜித் இல்லை. பட்டு வேட்டி மட்டும் கட்டிலில் கிடந்தது.

செல்போன் அலறியது!

"உன் பையன் எங்கிட்ட இருக்கான்..." கரகரத்த குரல்.

"எவ்வளவு வேணும்? சொல்லுங்க!"

"ஒத்தப் பைசா வேணாம். கல்யாணத்தை நிறுத்து!"

அழகிரி போலீசுக்குப் போன் போட்டார்.

மனைவி அமிர்தம் கனடாவில் நர்ஸ். மகனைத் தன்னோடு அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் செய்திருந்தாள். விசா வரும் நேரம். போன இடத்தில் பையன் வெள்ளைக்காரியோடு நின்றுவிட்டால்? கால்கட்டுப் போட்டே அனுப்பிவிடலாம் என்று தங்கை மகள் பவித்ராவைப் பேசி முடித்துவிட்டார். அமிர்தத்திடம் மூச்சு விடவில்லை. பத்திரிகையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போட்டிருந்தார்.

மகா புத்திசாலி!

இன்ஸ்பெக்டர் ஜெபராஜ் போன் சிக்னலைப் பிடித்தார். அம்மா மண்டபம் படித்துறை அருகே ஒரு கார்...

துப்பாக்கியை நீட்டியபடி கதவைத் திறந்தார்.

உள்ளே அஜித். கைகள் சால்வையால் கட்டப்பட்டிருந்தன. மப்ளர் சுற்றிய உருவம் ஒன்று அவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தது.

மப்ளர் விலகியது... அமிர்தம்!

"அடிப்பாவி! பெத்த தாயே பிள்ளையைக் கடத்துவாளா?" கூடவே வந்த அழகிரி அலறினார்.

"வாயை மூடுங்க! கல்யாணம் ஆகாத பிள்ளையைத்தான் நான் கூப்பிட முடியும். தாலி ஏறினா விசா போச்சு! ஸ்டேட்டஸ்ல பத்திரிகையைப் பார்த்துட்டு எத்தனை தடவை போன் பண்ணினேன்... எடுத்தீங்களா? அதான் பிளேன் ஏறி வந்தேன். இவனை இங்க விட்டுட்டு அங்க தின்ன சோறு எனக்குத் தொண்டையில இறங்கலைங்க..."

விம்மி விம்மி அழுதாள்.

அழகிரிக்கும் கண் கலங்கியது. "தெரியாமப் போச்சே அமிர்தம்! நல்லவேளை... தாலி ஏறல. விசா தப்பிச்சுது!"

அஜித்துக்குப் புரையேறியது.

ஆட்டோவில் வந்து இறங்கிய பவித்ரா, கல்யாணப் புடவையோடு ஓடிவந்து அமிர்தத்தின் காலில் விழுந்தாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை! நீங்க வந்து நிறுத்திடுவீங்களோன்னு பயந்து... போன மாசமே ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டோம்!"

அமிர்தத்தின் கையிலிருந்து இட்லி நழுவியது.

"ஏண்டா... ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எங்கேம்மா பேச விட்டே? வாயத் திறந்தா இட்லியத் திணிச்சே!"

ஜெபராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இப்ப நான் எஃப்.ஐ.ஆர். எழுதணுமா... மொய் எழுதணுமா?"