பாதிக் கல்

அந்தக் காலடியில் இடது வலது இல்லை.

ஜஸ்மல் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தான். திபெத் எல்லையை ஒட்டிய மலையூரான மிலாமில் முக்கால்வாசிப் பேர் குளிருக்கு முன்பே ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு நடுவே பிற்பகல் மூடுபனி புகுந்து, ஈரக் கம்பளி வாசத்தோடு சந்துகளையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குள் யாரோ வருகிறார்கள். தப். கொஞ்சம் இடைவெளி. தப். இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் விழுகிற சத்தம். காலடி விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது. டேராடூனில் துரைமார் அவனுக்கு நடக்க மட்டுமே இரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தார்கள். ஏற்றமோ இறக்கமோ ஒரே நீள அடி. நூறு அடிக்கு ஜபமாலையில் ஒரு மணி. யாத்திரிகன் வேஷத்தில் அப்படித்தான் துரைமாருக்காக ரகசியமாகத் திபெத்தை அளந்துவிட்டு வந்தான்.

"ஏங்க, கேக்குதா?" மூட்டை கட்டிக்கொண்டிருந்த மனைவி ருக்மா எழுந்துவிட்டாள். "பல்தென் அண்ணனாத்தான் இருக்கும். குளிருக்கு முன்னால ஒரு நடை வர்றேன்னு கோடையிலேயே சொல்லி அனுப்பினாரே!"

"இந்தப் பனியில அவர் எங்க வரப்போறார்? யாராவது ஆட்டுக்காரனா இருக்கும்."

"ஆட்டுக்காரன்னா ஆடு எங்க? துரைகிட்ட காலைத்தான் வித்தீங்கன்னு பாத்தா, காதையும் சேத்து வித்துட்டீங்களா?" என்று சிரித்தாள்.



பல்தென் வரமாட்டான். நாலு நாளைக்கு முன் கணவாய் இறங்கி வந்த கடைசி வியாபாரி, ஜஸ்மல் காதில் மட்டும் போட்டுவிட்டுப் போன சேதி. ஜஸ்மலின் அப்பனும் திபெத்துக்காரனான பல்தெனின் அப்பனும் ஒரு கல்லை உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொண்ட வியாபாரக் கூட்டாளிகள். ஒரு பாதியைக் காட்டுகிறவனுக்கு மறுபாதிக்காரன் ஜாமீன். உளவுக்குப் போகிறவன் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். சோதனைச் சாவடியில், "உனக்கு இங்க யாருடா பொறுப்பு?" என்று காவலன் அதட்டியதும் பயத்தில் கை மடிக்குள் போய்விட்டது. காட்டினான். விட்டுவிட்டார்கள். பிறகு குட்டு வெளிப்பட்டபோது ஜாமீன்காரனைப் பிடித்து, உரித்த ஈரம் காயாத யாக் மாட்டுத் தோலுக்குள் உயிரோடு வைத்துத் தைத்து, ஆற்றில் எறிந்தார்கள். நான்தான் கொன்றேன், வேறு எப்படிச் சொன்னாலும் பொய் என்று ஜஸ்மலுக்குத் தெரியும்.

கூடப் பிறந்தவன் இல்லாத ருக்மாவுக்கு அண்ணனாக நின்றவன் பல்தென். அவளிடம் இதை எந்த வாயால் சொல்வது? நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

தப்.

சத்தம் சந்துத் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. ஆற்றுச் சேற்றின் நாற்றமும், அதற்கடியில் ஊறிப்போன தோலின் நாற்றமும் கதவிடுக்கு வழியாக வந்து அடுப்புப் புகையோடு கலந்தன. கட்டைவிரல் தானாக ஜபமாலையில் ஒரு மணியைத் தள்ளியது.

"அண்ணனுக்குப் பிடிக்குமேன்னு தேநீர்ல வெண்ணெய் நிறையப் போட்டிருக்கேன்." கோப்பையைத் துடைத்துக்கொண்டே அவள் கதவுப் பக்கம் போனாள்.

சொல்லிவிடு. இப்போதே. திறக்காதே என்றால் ஏன் என்பாள். ஏன் என்றால் எல்லாம் சொல்ல வேண்டும்.

"ருக்மா..."

"என்னங்க?"



"ஒண்ணுமில்ல."

தப். வாசல் கல்லில்.

தாழ்ப்பாள் விலகியது. ஜஸ்மல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கனமான ஏதோ ஒன்று தத்தி உள்ளே வந்தது. அடுப்பருகே நின்றது. சொட்டு. சொட்டு. தேநீர் ஊற்றுகிற சத்தம்.

"வாங்கண்ணே. இப்படியா நனைஞ்சுட்டு வருவீங்க?" ருக்மாவின் குரலில் துளி பயமில்லை. "ஏங்க, அந்தக் கத்தியை எடுத்துட்டு வாங்க. வாய்கிட்ட இருக்கற தையலையாவது பிரிச்சு விடுங்க. பாவம், எப்படிக் குடிப்பார்?"

திரும்பினான்.

அவள் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள். எதிரே, ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நின்ற ஈரத் தோல் மூட்டையில், முகம் இருக்க வேண்டிய இடத்தில், தோல் உள்ளே இழுபட்டது. வெளியே உப்பியது. மறுபடி உள்ளே இழுபட்டது.