கொன்சல் வீட்டில் காணாமற்போன கொடி

சனிக்கிழமை மதியம், நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில், லின்ஃபீல்டில் லெட்சுமணன் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, சர்வதேச நெருக்கடி ஒன்று தொலைபேசியில் வந்தது.

கைபேசியிலிருந்து அழைத்தவர் பக்கத்து ஹில்ஸ்பரோவில் வசிக்கும் இராசநாயகம். தொழிலால் கணக்காளர், பெருமையால் சான் ரஃபேல் தீவின் கௌரவக் கொன்சல், அதாவது சம்பளமில்லாத தூதரகப் பிரதிநிதி. கரீபியன் கடலிலுள்ள அந்தச் சின்னஞ்சிறு நாட்டுக்கு அவர் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார், உல்லாசக் கப்பல் கரையில் நின்ற ஒரு பிற்பகலுக்கு. அந்த நாட்டுக்காரர் எவரும் ஓக்லாந்தில் இல்லாததால், அவர் சேவையைப் பற்றி இதுவரை புகார் எழுந்ததில்லை.

"தாய்வானின்ர கொடியைக் காணேல்லை. மூண்டு மணிக்கு தாய்வான் ஒஃபீஸ்காரர் விருந்துக்கு வருகினம். இது பெய்ஜிங்கின்ர வேலை."

தாய்வானை அங்கீகரிக்கும் நாடுகள் உலகில் சொற்பம். அவற்றையும் பெய்ஜிங் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. சான் ரஃபேல் மட்டும் அசையாமல் நின்றது. அந்த நட்பைக் கொண்டாடத்தான் விருந்து.

காப்புறுதி விசாரணை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற லெட்சுமணன், இலங்கை நண்பன் பிரதாபனையும் கூட்டிக்கொண்டு போனார். வெறும் வாசலில் இராசநாயகமே நின்று வரவேற்றார். கோட்டுக்கு மேல் குறுக்காகப் பட்டுப் பட்டி.

கூடத்து மேசையில் இரண்டு சிறிய கம்பங்கள். ஒன்றில் தீவின் கொடி. மற்றது மொட்டையாக நின்றது. அதன் அடியில் நீளமான வெள்ளை நூல் ஒன்று அறுபடாமல் சுருண்டு கிடந்தது.

"கொடியை யாரு தைச்சது?" என்றார் லெட்சுமணன்.

"என்ர மனிசிதான். தீவு அரசாங்கம் அனுப்பும் எண்டு நாலு வருசம் பார்த்தன்." இராசநாயகம், விருந்துக்கு உதவ வந்து மூலையில் நின்ற பெண்ணைக் காட்டினார். "எடுத்த ஆளை எனக்குத் தெரியும். என்ர ஒஃபீசில வேலை செய்யிற கிளாரா. மலேசியத் தமிழ்ப் பிள்ளை, அங்க சீனப் பள்ளிக்கூடத்தில படிச்சவள். காலமை ஆரோடையோ சீனத்தில கதைச்சவள்."

"எங்க வாடகை வீட்டு ஓனர்கிட்ட பேசினேன், சார். கூரை ஒழுகுது," என்றாள் கிளாரா. கண்கள் சிவந்திருந்தன. "அவரே தாய்வான்காரருதான்."

"விசாக் கடிதத்தில நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றார் இராசநாயகம்.

கிளாராவின் விசா திங்கட்கிழமை முடிகிறது. வேலை கொடுப்பவராக அவர் தரும் அந்தக் கடிதம் இல்லையென்றால் அவள் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

லெட்சுமணன் தேநீர் கேட்டுச் சமையலறைக்குப் போனார். கொன்சலின் மனைவி வசந்தமலர் கேத்திலைப் போட்டாள். வீட்டுத் தொலைபேசியின் வயர் சுவரிலிருந்து கழற்றப்பட்டிருந்தது. பாத்திரத் தட்டில் பித்தளைக் குடம் ஒன்று ஈரமில்லாமல் கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் தேங்காய், பிரிக்காத பையில் பிளாஸ்டிக் மாவிலை.

தேநீரைக் குடித்து முடித்து, எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தார்.

"பிரதாபன், உங்க ஆளுங்க விருந்தாளி வந்தா வாசல்ல என்ன வைப்பாங்க?"

"நிறைகுடம், அண்ணை. தண்ணி நிரப்பின குடத்தில மாவிலையும் தேங்காயும். அது இல்லாமல் எங்கட வீடுகளில ஒரு பிறந்தநாளும் நடவாது."

"இங்க எங்க?"

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். கம்பத்தில் கொடி இல்லாததைக் கண்ட கொன்சல், வாசலில் குடம் இல்லாததைக் காணவில்லை.

"குடம் இன்னும் அடுப்படியில கவுந்திருக்கு. விருந்தாளி வரமாட்டாங்கன்னு தெரிஞ்ச ஒருத்தர் இந்த வீட்டுல இருக்காங்க. அப்புறம் அந்த நூல். எதிரின்னா கிழிச்சிட்டுப் போவான். கம்பத்தோட சேர்த்த தையலைத் தைச்சவங்கதான் பொறுமையா பிரிப்பாங்க."

வசந்தமலர் கதிரையில் உட்கார்ந்தாள்.

"காலமை தாய்வான் ஒஃபீசில இருந்து கோல் வந்தது. தீவுக்காரர் இரவோட இரவா பெய்ஜிங்கோட சேர்ந்திட்டினமாம். இனி அவை வரேலாது எண்டு பாவம், மன்னிப்புக் கேட்டவை. நீங்கள் அப்ப கண்ணாடிக்கு முன்னால நிண்டு பேச்சைப் பாடமாக்கிக்கொண்டிருந்தனீங்கள். நான் எப்பிடிச் சொல்லுவன்? வேற ஆரும் சொல்லிப்போடுவினம் எண்டு வயரையும் கழட்டினன். கொடி இல்லையெண்டா நீங்களே விருந்தை நிப்பாட்டிப்போடுவியள், பழியைப் பெய்ஜிங்கில போடுவியள் எண்டு நினைச்சன். பெய்ஜிங் தாங்கும். இந்தப் பிள்ளையில போடுவியள் எண்டு நினைக்கேல்லை."

இராசநாயகம் பட்டுப் பட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லையே தீவுக்காரர்."

"நீங்கள் இருக்கிறதே அவைக்கு ஞாபகம்..." என்று தொடங்கிய பிரதாபனின் காலை லெட்சுமணன் மிதித்தார்.

வசந்தமலர் எழுந்து வந்து கணவனின் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"பிள்ளை கிளாரா," என்றார் இராசநாயகம், நிமிராமல். "நான் உம்மட்ட மன்னிப்புக் கேக்க..."

"அது அப்புறம் சார். முதல்ல கையெழுத்துப் போடுங்க."

கடிதத்தை அவர் முன் வைத்தாள். அவர் கையெழுத்திட்டார். அதன் கீழே பதவியை எழுதப் போன பேனா அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, கணக்காளர் என்று மட்டும் எழுதியது.

கிளாரா வாங்கிப் பார்த்தாள்.

"இது போதும், சார். இமிக்ரேஷன்ல இதைத்தான் கேட்டாங்க."